119 ஆம் மூலகத்துக்கு வன்னியில் இருந்து ஒரு பெயர்: வன்னியமா, கண்ணகியமா, கொக்கியமா?

ஆவர்த்தன அட்டவணையின் ஏழாவது வரிசை 118 உடன் நிரம்பிவிட்டது. அடுத்தது 119. அது இதுவரை ஒருவருக்கும் அகப்படவில்லை. ஆனால் தற்காலிகப் பெயர் ஒன்று தயாராக இருக்கிறது: அன்அன்என்னியம். ஒன்று, ஒன்று, ஒன்பது என்பதை லத்தீன், கிரேக்க வேர்களால் ஒட்டிய பெயர். பஸ் சீற்றில் இடம் பிடிக்க லேஞ்சியைப் போட்டுவிட்டுப் போவோமே, அது மாதிரி. உரிய ஆள் வந்ததும் லேஞ்சியை எடுத்துவிடுவார்கள்.

முள்ளியவளையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் மூலகங்களின் பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, 119 ஐ நாங்கள் கண்டுபிடித்தால் வன்னியில் இருந்து என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு, ஒரு கிழமை தவணை கொடுத்தேன். “119 எண்டால் பொலிசுக்கு அடிக்கிற நம்பரெல்லோ சேர்” என்று பின்வாங்கில் ஒருவன் தொடக்கி வைத்தான். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு உருப்படியான பெயர்கள் சில வந்தன. நாங்கள் கண்டுபிடிப்பது என்பது கற்பனைதான். பெயர் வைக்கும் சட்டத்தை மட்டும் உள்ளபடியே வைத்து அந்தப் பெயர்களைச் சோதித்துப் பார்த்தோம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்த குழுவுக்கு. ஏற்றுக்கொள்வது ஐயூபாக் எனப்படும் சர்வதேச இரசாயனவியல் ஒன்றியம். ஐந்து வாசல்களில் ஒன்றால் வந்தால்தான் உள்ளே விடுவார்கள்: புராணப் பாத்திரம் அல்லது வானத்துப் பொருள், கனிமம், இடம், மூலகத்தின் இயல்பு, விஞ்ஞானி. 2016 இல் நிஹோனியம், மொஸ்கோவியம், டென்னெசின், ஓகனெசன் என்ற நாலு பெயர்களும் ஜூன் 8 ஆம் திகதி வெளியே வந்தன. ஐந்து மாதம் ஊர் உலகம் கருத்துச் சொல்ல விட்டுவிட்டு, நவம்பர் 28 ஆம் திகதி உறுதி செய்தார்கள். வால் எழுத்துக்கும் விதி உண்டு. 17 ஆம் கூட்டம் ‘ஈன்’ என்று முடியவேண்டும், 18 ஆம் கூட்டம் ‘ஒன்’ என்று முடியவேண்டும், மற்றதெல்லாம் ‘இயம்’. 119 சோடியம், பொற்றாசியம் இருக்கிற முதலாம் கூட்டத்தில் வந்து விழும், ஆகவே இயம். தமிழில் இயம் என்றால் வாத்தியம். எந்தச் சொல்லோடு சேர்த்தாலும் காதுக்குப் பெரிதாக உறுத்தாது.

வகுப்பில் பாதிக்கு மேல் எழுதிக்கொண்டு வந்தது வன்னியம். எதிர்பார்த்ததுதான். இடப்பெயர் வாசலால் நேரே உள்ளே போகலாம். வன்னி என்றால் நெருப்பு, வன்னி என்றால் மரம், வன்னி என்றால் நாங்கள் இருக்கிற நிலம். தண்ணீர் பட்டால் சீறுகிற கூட்டத்தில் ஒரு மூலகத்துக்கு நெருப்பு என்ற பெயர் பொருந்தத்தான் செய்யும்.

ஊரின் பெயரை வைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பொலோனியத்தைக் காட்டுவேன். 1898 இல் மேரி கியூரி அந்தப் பெயரை வைத்தபோது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்தில் இல்லை. மூன்று பேரரசுகள் பங்கு போட்டு எடுத்திருந்தன. வரைபடத்தில் இல்லாத நாட்டை அவர் அட்டவணையில் எழுதினார். இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜப்பான்காரர் கதை வேறு மாதிரி. 1908 இல் ஒகாவா என்ற இரசாயனவியலாளர் 43 ஆம் மூலகத்தைக் கண்டதாக அறிவித்து நிப்போனியம் என்று பெயர் வைத்தார். அவர் கண்டது உண்மையில் 75, இன்றைய ரேனியம். அறிவிப்பு செல்லாது போயிற்று, பெயரும் போயிற்று. ஒருமுறை அறிவித்துக் கைவிட்ட பெயரைத் திரும்ப இன்னொரு மூலகத்துக்கு வைக்கக்கூடாது என்பது வழக்கம். பிறகு மொறிட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் குழு நாகத்தை பிஸ்மத்தின் மேல் மோதவிட்டு 113 ஐ எடுத்தது. 2004, 2005, 2012 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மொத்தம் மூன்றே மூன்று அணுக்கள். அப்போது நிப்பொன் என்ற பழைய சொல்லைத் தொடமுடியாமல், அதே நாட்டின் மற்ற உச்சரிப்பான நிஹோனை எடுத்தார்கள். (இந்தியத் தமிழர் வாசித்தால்: நாகம் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் துத்தநாகம். பாம்பை மோதவிட்டதாக நினைக்கவேண்டாம்.)

அப்படியானால் வன்னியத்துக்கு என்ன குறை? முதற்குறை வனேடியம். 23 ஆம் இடத்தில் ஏற்கெனவே ஒருவர் அந்த ஓசையோடு உட்கார்ந்திருக்கிறார். கேலி என்னவென்றால், ஜப்பானில் இப்போது 119 ஐத் தேடுவதே வனேடியத்தை கியூரியத்தின் மேல் எறிந்துதான். 23 உம் 96 உம் 119. நாளைக்கு ஒரு செய்தி வாசிப்பாளர் “வனேடியத்தைக் கொண்டு வன்னியத்தைக் கண்டுபிடித்தனர்” என்று வாசித்தால் கேட்கிறவர் எதைப் பிடிப்பார்? பரீட்சைத் தாளில் அவசரத்தில் எழுதுகிற பிள்ளை எதை எழுதும்? நான் விடைத்தாள் திருத்துகிறவன், எனக்குத் தெரியும்.

இரண்டாவது குறை, வன்னி எது என்பதே. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நாலும் வன்னி என்றுதான் வாய் சொல்லும். தேர்தல் வந்தால் வன்னி மாவட்டத்தில் கிளிநொச்சி இல்லை, அது யாழ்ப்பாணத்தோடு போய்விடும். கிளிநொச்சியில் இருந்து வருகிற பிள்ளை ஒன்று இதைக் கேட்டு முகத்தைச் சுழித்தது. அதோடு, வன்னியம் என்று தனியே கேட்டால் தமிழ்நாட்டில் உள்ளவருக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். பெரிய பெயர் வைத்தால் பெயரோடு வழக்கும் வரும்.

இதைவிட ருசியான பெயரை ஒரு பிள்ளை கொண்டுவந்தாள்: அடங்காப்பற்று. வன்னிக்கு இருந்த பழைய பெயர். யாருக்கும் திறை கொடுத்து அடங்காத நிலம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது. இடமும் ஆயிற்று, இயல்பும் ஆயிற்று. எந்த ஆய்வுகூடத்திலும் ஒரு செக்கன் கூட நில் என்றால் நிற்காத மூலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். அடங்கா என்பதோடு இயம் சேரவேண்டும். ‘அடங்காவியம்’ என்றால் ஏதோ காவியம் மாதிரி இழுக்கிறது. மற்ற மொழிக்காரர் செய்வதுபோல வாலை வெட்டி இயத்தை ஒட்டினால், எதிர்மறை ‘ஆ’ வெட்டுப்பட்டு ‘அடங்கியம்’ என்று வருகிறது. அடங்காதது அடங்கிப்போனது! பெயரைச் சொன்ன பிள்ளையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழித்துவிட்டேன்.

ஆட்களின் பெயர். பண்டாரவன்னியன் வருவான் என்று தெரியும், வந்தான். சட்டம் விடாது: ஆள் என்றால் விஞ்ஞானியாக இருக்கவேண்டும், அரசனுக்கு வாசல் இல்லை. பின்வாசல் ஒன்று இருக்கிறது. சமாரியம் என்ற மூலகம் சமார்ஸ்கைற் என்ற கனிமத்தின் பெயரால் வந்தது, அந்தக் கனிமம் ரஷ்யச் சுரங்க அதிகாரி ஒருவரின் பெயரால் வந்தது. அவர் விஞ்ஞானியும் இல்லை, ஒரு மூலகத்தையும் கண்டதில்லை. முதலில் ஒரு கல்லுக்குப் பெயரை வைத்துவிட்டு, பிறகு கல்லின் பெயரை மூலகத்துக்கு வைக்கலாம். சுற்று வழிதான்.

விஞ்ஞானி என்று பார்த்தால் என் மனதில் வந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவர் என்றுதான் உலகம் அறியும். அதற்கு முன்னர் அவர் இலங்கையின் கனிமவியல் ஆய்வுப் பகுதிக்கு முதல் பணிப்பாளர். 1904 இல் அவர் கையில் அகப்பட்ட கனமான கறுப்புக் கனிமம்தான் பிறகு தோரியனைற் என்று பெயர் பெற்றது. செரண்டிபைற் என்ற கனிமத்தை விவரித்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. செரண்டிப் என்பது எங்கள் தீவின் பழைய பெயர். வன்னிக்காரர் இல்லை என்பதைத் தவிர, தகுதியில் குறை சொல்ல முடியாது.

குறை குறியீட்டில் இருக்கிறது. அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் ‘சீ’ எழுத்தில் தொடங்கித்தான் எழுதினார். இரண்டாவது எழுத்தைத் தேடுங்கள். சீ-ஓ கோபாற்று. சீ-எம் கியூரியம். சீ-ஏ கல்சியம். சீ-ஆர் குரோமியம். சீ-எஸ் சீசியம். ஒருவருடைய பெயருக்குள் இருக்கிற எழுத்துகளை ஐந்து மூலகங்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டன. மிச்சம் இருப்பது டபிள்யூவும் வையும்தான். சீ வரிசை யாழ்தேவி மாதிரி நிரம்பி வழிகிறது. இதற்கு மாறாக கே எழுத்தில் பொற்றாசியமும் கிரிப்தனும் மட்டும்தான், வண்டி வெறுமையாக ஓடுகிறது. வீ எழுத்திலும் வனேடியம் தனியாள். ஜே எழுத்தில் ஒருவரும் இல்லை. ஜே காலியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் உள்ள ஒருவன் உடனே யாழ்ப்பாணத்தை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினான். அவனை மற்றவர்கள் கவனித்துக்கொண்டார்கள்.

கண்ணகியம் என்பதை எழுதி வந்தது வற்றாப்பளையில் இருந்து வருகிற பிள்ளை. ஐந்து பெயர்களில் காரணத்தோடு வந்தது இது ஒன்றுதான் என்பேன். வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரிப்பது எங்கள் ஊர் வழமை. “தண்ணியும் நெருப்பும் சேருற மூலகம்தானே சேர் 119? அப்ப அம்மன்ர பேர்தான் சரி” என்றாள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மண்ணெண்ணெய்க்குள் கிடக்கிற சோடியத்தில் அரிசி அளவு வெட்டித் தண்ணீரில் போட்டால், உருண்டையாகி உஸ் என்று அங்குமிங்கும் ஓடும். அதைப் பார்த்த பிள்ளைதான் இதை யோசிக்கும். குறியீட்டுக்கும் கே-என் காலியாகவே இருக்கிறது.

புராண வாசலால் ஏற்கெனவே பலர் போயிருக்கிறார்கள். தோரியம், புரோமீதியம், தந்தாலம். ஆனால் தோருக்கு இன்று யார் பொங்குகிறார்கள்? அந்தத் தெய்வங்கள் கதையாகிவிட்ட பிறகுதான் அட்டவணைக்கு வந்தன. அம்மனுக்கு இந்த வருடமும் பொங்கினோம். விண்ணப்பத்தில் ‘புராணப் பாத்திரம்’ என்ற கட்டத்துக்கு நேரே கண்ணகி என்று எழுதிவிட்டு, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மம்மாவுக்கு என்ன சொல்லும்? நான் பக்திமான் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கட்டத்தில் எழுத என் கை வராது.

இயல்பை வைத்துப் பெயர் வைப்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒட்சிசன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று லவோசியே நம்பினார். ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை. ஹீலியத்தை 1868 இல் சூரிய ஒளியில் கண்டவர்கள் உலோகமாக்கும் என்று நினைத்து இயம் போட்டார்கள். அது வாயு. இவர்களுக்காவது பொருள் இருந்தது. 119 இல் கிடைக்கப்போவது ஒன்றிரண்டு அணு. அதன் நிறத்தையோ மணத்தையோ ஒருவரும் பார்க்கப்போவதில்லை. அற்பாயுசு என்று வைக்கலாம் என்றால், அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாருமே அற்பாயுசுக்காரர்தான்.

கொக்கிளாய்ப் பக்கத்தில் இருந்து வருகிற பெடியன் பெயர் எழுதி வரவில்லை. பழைய சோடாப் போத்தலில் மணல் கொண்டுவந்தான். கறுப்பு மணல். கடதாசியில் கொட்டி, உடைந்த கணினி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கழற்றிய காந்தத்தை அடியில் பிடித்தேன். பாதி மணல் மயிர்க்கொட்டி மாதிரி சிலிர்த்துக்கொண்டு எழும்பியது. மற்றது அசையவில்லை, வெளிறிய மணல் அது. காந்தத்தை நகர்த்தினால் கறுப்பு மட்டும் ஊர்ந்தது. அந்தக் காந்தத்தில் இருக்கிற நியோடிமியத்துக்கே ‘புது இரட்டை’ என்றுதான் அர்த்தம் என்று சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கடதாசியில்.

அந்தக் கறுப்பு, இல்மனைற். டைட்டேனியமும் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்தது. கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்துக்குத் தெற்கே புல்மோட்டையில் இருந்து வடக்கே கரையோரமாக இது கிடக்கிறது. இல்மன் என்பது ரஷ்யாவில் ஒரு மலை. எங்கள் கடற்கரை மணலுக்கு ரஷ்ய மலையின் பெயர். அதே மணலில் இருக்கிற சிர்க்கன் என்ற கனிமத்தின் கதை இன்னும் கிட்ட வரும். 1789 இல் கிளாப்ரோத் என்ற ஜேர்மன்காரர் சிர்க்கோனியத்தைக் கண்டது இலங்கையில் இருந்து போன ஒரு கல்லில். பெயர் பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது என்பார்கள். கல் எங்களுடையது, பெயர் போன வழியில் ஒட்டியது.

டைட்டேனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1791 இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில், மனாக்கன் என்ற சின்ன ஊரின் ஓடையில், கிரெகர் என்ற பாதிரியார் கறுப்பு மணல் அள்ளினார். கிட்டத்தட்ட இந்தப் போத்தலில் இருக்கிற அதே மணல். காந்தத்தால் பிரித்து, அமிலத்தில் கரைத்து, புதிய ஒன்று இருக்கிறது என்று கண்டு, ஊரின் பெயரையே வைத்தார். நாலு வருடம் கழித்து அதே கிளாப்ரோத் வேறொரு கனிமத்தில் அதே மூலகத்தைக் கண்டு, கிரேக்கக் கதையில் வருகிற டைட்டன்களின் பெயரை வைத்தார். அந்தப் பெயர்தான் நின்றது. மனாக்கன் போயே போய்விட்டது.

இதற்கு எதிர்க்கதை இட்டர்பி. சுவீடனில் ஒரு கல்லுடைக்கிற ஊர். அந்த ஒரு ஊரின் பெயரைத் துண்டு துண்டாக வெட்டி இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம் என்று நாலு மூலகங்களுக்கு வைத்தார்கள். சுவீடன் என்ற பெயர் அட்டவணையில் அந்த எழுத்தில் எங்கும் இல்லை. உலகத்தில் இரசாயனவியல் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இட்டர்பி தெரியும்.

ஆகவே என் தெரிவு கொக்கிளாய். 1984 இல் ஊரே எழும்பிப் போய், கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் திரும்பி வந்த இடம். வன்னி என்ற பெயரை ஒருவரும் மறக்கப்போவதில்லை, அதற்கு மூலகம் தேவையில்லை. அதோடு கொக்கிளாய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது, வன்னிக்கு இல்லாதது. 2012 இல் ஜேர்மனியில் பெர்க்கிலியத்தின் மேல் டைட்டேனியத்தை மோதவிட்டுத்தான் 119 ஐத் தேடினார்கள். 97 உம் 22 உம். கிடைக்கவில்லை. 2024 இல் அமெரிக்காவில் டைட்டேனியத்தைப் புளூட்டோனியத்தில் எறிந்து, 22 நாளில் 116 இன் இரண்டு அணுவை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த மூலகங்களுக்கு அந்த வழியும் திறந்திருக்கிறது. எறிகல்லுக்குத் தேவையானது இயற்கை டைட்டேனியத்தில் நூற்றில் ஐந்து பங்குதான். அந்த ஐந்து பங்கும் கடதாசியில் சிலிர்த்து நின்ற கறுப்புக்குள் இருக்கிறது.

கொக்கிளாயியம் என்றால் நாக்கு சுளுக்கும். வாலை வெட்டினால் கொக்கியம். கொக்கு கேட்கிறது, அது நல்லதுதான். 1951 இலேயே பறவைகள் சரணாலயம் ஆக்கிய களப்பு அது. 1875 இல் கலியத்துக்குப் பெயர் வைத்த லெகொக்கை இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். பிரான்சின் பழைய பெயர் என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லுக்குச் சேவல் என்றும் பொருள் உண்டு, அவருடைய பெயருக்குள்ளும் ஒரு சேவல் இருக்கிறது. எங்களுக்குக் கொக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

கை உயர்த்தச் சொன்னபோது வன்னியம்தான் வென்றது. கொக்கிளாய்ப் பெடியனும் அதற்குத்தான் உயர்த்தினான். “கொக்கிளாய் எண்டால் ஒருத்தருக்கும் தெரியாது சேர்.” ஆனால் வகுப்பு முடிந்தும் அவன் போகவில்லை. குறியீடு என்ன வரும் என்று கேட்டான். இரண்டு பேரும் பலகையில் எழுதிப் பார்த்தோம். கே-ஓ என்றால் வாசிக்கும்போது கோபாற்று மாதிரி. கே-ஐ என்றால் பொற்றாசியம் அயடைட்டு என்று எழுதி முட்டை வாங்குவார்கள். கே-எம் என்றால் கிலோமீற்றர். கே-யூ நல்லாக இருந்தது. ஆனால் 104 ஆம் மூலகத்துக்கு சோவியத்காரர் குர்சத்தோவியம் என்று வைத்து, கே-யூவைத்தான் எழுதினார்கள். பெயரே கைவிடப்பட்டாலும் பழைய குறியீட்டை எடுத்தால் குழப்பம். இதே காரணத்துக்காகத்தான் கோப்பர்நீசியத்துக்கு முதலில் கேட்ட சீ-பீயை மாற்றி சீ-என் கொடுத்தார்கள். மிஞ்சியது கே-கே.

“அது காங்கேசன்துறை பஸ்ஸில எழுதியிருக்கிறது சேர்” என்றான்.

அதில் எஸ் இருக்கிறது, இதில் இல்லை என்றேன்.